ரிப்போர்ட் சர்வரை நிறுத்தும்போது வரிசையில் நிற்கும் வேலைகளை என்ன செய்கிறீர்கள்?

அம்பத்தூர் நிர்வாகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் இஆர்பி (விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் கையாளும் நிறுவன மென்பொருள்) ஆரக்கிள் ஃபார்ம்ஸ், ரிப்போர்ட்ஸ் 12சி-யில், 12.2.1.4 பதிப்பில், லினக்ஸ் மீது ஓடுகிறது. இன்வாய்ஸ், டெலிவரி சலான், சம்பளச் சீட்டு, டீலர்களுக்கான மாதக் கணக்கு என்று தாளாகவோ பிடிஎஃப் ஆகவோ வெளியே போவது அனைத்தும் அறிக்கைகளைத் தயாரிக்கும் ஒரே ஒரு ரிப்போர்ட் சர்வர் வழியாகத்தான் போகின்றன.

ஞாயிறு அதிகாலையில் இந்தச் சர்வரை நிறுத்தித் தொடங்க ஒரு ஸ்கிரிப்ட் க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதி) இருக்கிறது. நான் இந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன்பே எழுதி வைத்தது. ஆர்டபிள்யூசர்வர் என்ற பெயரில் ஓடும் பிராசஸைத் தேடிப் பிடித்து, கில் -9 கொடுத்து (அதாவது அவகாசமே தராமல் வலிந்து நிறுத்தி), ஒரு நிமிடம் கழித்து, சர்வரைத் தொடங்கும் ஸ்டார்ட்காம்போனென்ட் கட்டளையை இயக்குவதுதான் அதன் முக்கிய வேலை. வெகுநாள் தொல்லையில்லாமல் ஓடியது. இப்போது இரண்டு சிக்கல்கள் எழுந்திருக்கின்றன.

முதலாவது, சில திங்கட்கிழமை காலைகளில் முதல் ஷிஃப்ட் ஆட்கள் சலான் எடுக்க முயன்றால் ஆர்இபி-51002, அதாவது சர்வருடன் இணைய முடியவில்லை என்ற பிழை வருகிறது. கேட்டில் லாரிகள் நிற்கும் நேரம் அது. இரண்டாவது இதைவிடக் கடுமையானது. சென்ற மாதக் கடைசியில் டீலர் கணக்குகள் மின்னஞ்சலில் போய்க்கொண்டிருந்தபோதே ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது. ஒரு பகுதியினருக்குப் போய்ச் சேர்ந்தது, மற்றவர்களுக்குப் போகவில்லை. திங்களன்று கணக்குப் பிரிவினர் முழுவதையும் மறுபடி ஓட்டியதால், முன்பே பெற்றவர்களுக்கு இரண்டாம் முறையும் போயிற்று. இடையில் ஒரு ரசீது பதிவாகியிருந்ததால் ஒரு டீலருக்கு வந்த இரண்டு கணக்குகளிலும் நிலுவைத் தொகை வேறுவேறாக இருந்தது. எது சரி என்று கேட்டு அவர் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

ஸ்கிரிப்டை முற்றிலும் புதிதாக எழுத விரும்புகிறேன். நிறுத்துவதற்கும் தொடங்குவதற்கும் நீங்கள் பின்பற்றும் வரிசையையும், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தரமணி டிபிஏ எழுதியது:

வணக்கம். தொடங்குவதைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நிறுத்துவதைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

ரிப்போர்ட் சர்வர் என்று நாம் சொல்வது ஒற்றைப் பிராசஸ் அன்று. வேலையைப் பெற்று வரிசையில் வைப்பது சர்வர். அறிக்கையை உண்மையில் தயாரிப்பது ஆர்டபிள்யூஎங் என்ற எஞ்சின், அது தனிப் பிராசஸ். டேட்டாபேஸுடன் இணைந்திருப்பதும் அதுதான். சர்வரை மட்டும் கில் -9 கொடுத்து வீழ்த்தினால், எஞ்சினுக்கு விடைபெற்றுக்கொள்ளச் சொல்ல ஆள் இல்லை. சில சமயம் அது தானாக அடங்கும், சில சமயம் அநாதையாக ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை நிறுத்திய பிறகு பிராசஸ் பட்டியலில் எஞ்சினின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டாபேஸில் வி$செஷன் காட்சியில் அந்தச் சர்வரிலிருந்து வந்த செஷன்கள் மிச்சம் உள்ளனவா என்றும் பாருங்கள். இரண்டும் காலியாக இருந்தால்தான் சர்வர் நின்றுவிட்டது என்று சொல்ல முடியும்.

இன்னொன்று, நீங்கள் 12சி-யில் இருக்கிறீர்கள். அங்கே தனி ரிப்போர்ட் சர்வர் நோட் மேனேஜர் என்ற கண்காணிப்பு நிரலின் கீழ் இருக்கும் ஒரு காம்போனென்ட் (உறுப்பு). நிறுத்தச் சொல்லாமலே ஒரு காம்போனென்ட் விழுந்தால், அது பழுதில் விழுந்ததாகவே நோட் மேனேஜர் எடுத்துக்கொண்டு, அதைத் தானே எழுப்ப முயலும். உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு நிமிடம் கழித்து எழுப்பப் போகும்போது, நோட் மேனேஜரும் அதே வேளையில் எழுப்பிக்கொண்டிருக்கக்கூடும். இந்த இரண்டு தொடக்கங்களில் எது முந்துகிறது என்பது வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவேதான் பிழை எல்லாத் திங்களும் வராமல் சில திங்கள் மட்டும் வருகிறது என்று நினைக்கிறேன். நோட் மேனேஜரின் லாகைத் திறந்து, ஞாயிறு அதிகாலையில் அந்தக் காம்போனென்டுக்கு எத்தனை தொடக்கப் பதிவுகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது மின்னஞ்சல். சாதாரணமாகத் திரையில் பார்க்கும் அறிக்கை பாதியில் நின்றால் யாருக்கும் நட்டமில்லை, மறுபடி அழுத்தினால் வந்துவிடும். ஆனால் மின்னஞ்சல் அனுப்பும் அறிக்கை, பிரிண்டருக்குப் போகும் அறிக்கை, ஒரு ஃபோல்டரில் கோப்பை வைத்து அதை வேறொரு மென்பொருள் எடுத்துக்கொள்ளும் அறிக்கை ஆகியவை அப்படியல்ல. இவை வெளியுலகில் ஒரு காரியத்தைச் செய்துவிடுகின்றன. அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே வேலைகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள்: மறுபடி ஓட்டினால் தீங்கில்லாதவை, மறுபடி ஓட்டக் கூடாதவை. இரண்டாம் வகையில் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்கிரிப்ட் சர்வரைத் தொடவே கூடாது. காத்திருக்க வேண்டும், அல்லது அந்த வாரம் கைவிட்டு உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.

என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள, பிரவுசர் வழியாக ரிப்போர்ட் சர்வரை அணுக உதவும் ஆர்டபிள்யூசர்வ்லெட்டின் ஷோஜாப்ஸ் பக்கம் போதும். ஓடுபவை, வரிசையில் நிற்பவை, நேரம் குறித்து வைத்தவை என்று தனித்தனியாகக் காட்டும். பழைய பதிப்புகளில் ஆர்டபிள்யூசர்வர் கட்டளைக்கே ஷட்டவுன் என்ற அளவுரு உண்டு. நார்மல் என்று கொடுத்தால் ஓடும் வேலைகளை முடித்துவிட்டு நிற்கும், இமீடியட் என்றால் உடனே நிற்கும். 12சி-யில் ஸ்டாப்காம்போனென்ட் என்ற நிறுத்தும் கட்டளை வழியாக நிறுத்துகிறீர்கள் என்றால், அது உங்களுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். காத்திருக்கும் பொறுப்பை உங்கள் ஸ்கிரிப்டே ஏற்க வேண்டும்.

பெருங்குடி எழுதியது:

தரமணி நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நாங்கள் எஸ்ஏபி பிசினஸ்ஆப்ஜெக்ட்ஸ் என்ற வேறோர் அறிக்கை மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதன் மத்திய நிர்வாகப் பக்கத்தில் ஒரு சர்வரை நிறுத்துவதும், அதைச் செயலிழக்க வைப்பதும் இரண்டு தனிச் செயல்கள். டிசேபிள் கொடுத்தால் புதிய வேலைகளை ஏற்காது, கையில் இருப்பவற்றை முடிக்கும், பிராசஸ் உயிரோடு இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு ஸ்டாப் கொடுப்போம். கல்யாண மண்டபத்தில் பந்தியை முடிக்கும்போது வாசலை அடைத்துவிட்டு, இலையில் உட்கார்ந்தவர்களைச் சாப்பிட விடுவது போன்றதே இது. ஆரக்கிள் ரிப்போர்ட்ஸில் இதற்கென்று தனிப் பொத்தான் இருக்கிறதா என்பதை அதில் பழகியவர்கள்தான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், வாசலை வேறு எங்கேயாவது அடைக்க வழி தேடுங்கள்.

சிறுசேரி வெப்லாஜிக் எழுதியது:

வாசலை அடைப்பதில் ஒரு பொறி இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரவுசர் கோரிக்கைகளை முதலில் வாங்க முன்னால் நிற்கும் எச்டிடிபி சர்வரில் ரிப்போர்ட்ஸ் முகவரியை மூடிவிட்டால் புதிய வேலை வராது என்று பலர் நினைக்கிறார்கள். பிரவுசரிலிருந்து நேரடியாக ஆர்டபிள்யூசர்வ்லெட் முகவரியை அழைப்பவர்களுக்கு அது சரி. ஆனால் ஃபார்ம்ஸ் திரையில் பட்டன் அழுத்தி எடுக்கும் அறிக்கைகள் ரன்_ரிப்போர்ட்_ஆப்ஜெக்ட் என்ற ஃபார்ம்ஸ் கட்டளை வழியாகப் போகின்றன. அந்த அழைப்பு ஃபார்ம்ஸ் ரன்டைமிலிருந்து நேராக ரிப்போர்ட் சர்வருக்குப் போகிறது. தயாரான பிடிஎஃப்பைக் கொண்டுவந்து காட்டுவதற்கு மட்டுமே எச்டிடிபி பக்கம் தேவைப்படுகிறது. ஆக, முன்கதவை மூடினால் வேலைகள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், பயனருக்கு முடிவு மட்டும் தெரியாது. அவர் வரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்துவார். நீங்கள் தவிர்க்க நினைத்த இரட்டை ஓட்டம் இன்னும் கூடும்.

இதற்கு நல்ல வழி, இஆர்பி-யிலேயே ஓர் அளவுரு அட்டவணையில் பராமரிப்பு என்ற ஒரு கொடி வைத்து, அறிக்கையை அழைக்கும் பொது நிரல் முதலில் அதைப் பார்த்துவிட்டு, சர்வர் பராமரிப்பில் உள்ளது, இத்தனை மணிக்குத் திரும்பும் என்று செய்தி காட்டுவதுதான். பெரும்பாலான இஆர்பி-களில் எல்லாத் திரைகளும் ஒரே பிஎல்எல் நூலகத்தின் (ஃபார்ம்ஸ் திரைகளுக்கான பொது நிரல் கோப்பு) வழியாகத்தான் அறிக்கைகளை அழைக்கும் என்பதால் மாற்றம் ஓரிடத்தில் முடிந்துவிடும். நேரம் குறித்த வேலைகளைச் சமர்ப்பிக்கும் நிரலும் அதே கொடியைப் பார்க்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள்.

இனித் தொடங்கும் வரிசை. முதலில் டேட்டாபேஸும் லிசனரும் எழுந்திருக்க வேண்டும். பிறகு நோட் மேனேஜர், பிறகு அட்மின்சர்வர் (இவை ஓடும் வெப்லாஜிக் தளத்தின் நிர்வாகச் சர்வர்), பிறகு டபிள்யூஎல்எஸ்_ரிப்போர்ட்ஸ் (ஆர்டபிள்யூசர்வ்லெட் ஓடும் வெப்லாஜிக் சர்வர்), அதன் பிறகு தனி ரிப்போர்ட் சர்வர், கடைசியில் எச்டிடிபி சர்வர். நிறுத்தும்போது இதே வரிசையைக் கீழிருந்து மேலாக. வாராந்தர வேலைக்கு எல்லாவற்றையும் நிறுத்தத் தேவையில்லை, ரிப்போர்ட் காம்போனென்டை மட்டும் ஸ்டாப்காம்போனென்ட், ஸ்டார்ட்காம்போனென்ட் கொண்டு கையாண்டால் போதும்.

இந்தக் கட்டளைகள் நோட் மேனேஜரின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஒரு முறை ஸ்டோர்யூசர்கான்ஃபிக் என்ற சொல்லைச் சேர்த்து இயக்கினால், இயக்கிய பயனரின் ஹோம் டைரக்டரியில் அது மறைகுறியாக்கப்பட்டுச் சேமிக்கப்படும், அடுத்த முறை கேட்காது. அது அந்த ஒரு பயனருக்கு மட்டுமே பொருந்தும் என்பதுதான் முக்கியம். ஆரக்கிள் என்ற லினக்ஸ் பயனராக இருந்து நீங்கள் சேமித்து வைத்திருக்க, க்ரான் வேறொரு பயனரின் பெயரில் ஓடினால், கட்டளை கடவுச்சொல்லுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். அங்கே பதில் தட்ட யாரும் இல்லை. உங்கள் க்ரான் யார் பெயரில் ஓடுகிறது என்று தயவுசெய்து பாருங்கள்.

மெய்நிகர் இயந்திரத்தில் வெப்லாஜிக் எழுவதற்கு அளவுக்கு மீறி நேரம் எடுத்தால், ஜாவா ரேண்டம் எண்களுக்காக இயங்குதளத்தின் மூலத்தில் காத்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். யூரேண்டம் மூலத்தைப் பயன்படுத்துமாறு ஜாவா அளவுருவை மாற்றினால் இது தீரும்.

கிண்டி எஸ்எஸ்ஆர்எஸ் எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. வாரம் ஒரு முறை ஏன் நிறுத்த வேண்டும்? மெமரி ஏறிக்கொண்டே போகும் என்ற அச்சத்தில்தான் முன்பிருந்தவர்கள் அந்த ஸ்கிரிப்டை எழுதியிருப்பார்கள். ஆனால் இதற்கான ஏற்பாடு மென்பொருளிலேயே உண்டு. நீங்கள் பயன்படுத்தும் சர்வரின் உள்ளமைவுக் கோப்பில் எங்லைஃப் என்று ஓர் அளவுரு இருக்கும். ஓர் எஞ்சின் அத்தனை வேலைகளைச் செய்து முடித்ததும் அது ஓய்வு பெற்றுப் புதிய எஞ்சின் பிறக்கும். மேக்ஸ்ஐடில் என்பது வேலையில்லாமல் எத்தனை நிமிடம் கழிந்தால் எஞ்சினை மூடலாம் என்பது. இவற்றைச் சரியாக வைத்தால் சர்வரை நிறுத்தாமலேயே எஞ்சின்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் மைக்ரோசாஃப்ட் ரிப்போர்ட்டிங் சர்வீசஸிலும் இதே எண்ணம்தான். ரீசைக்கிள்டைம் என்ற அளவுரு இயல்பாக 720 நிமிடம், அதாவது 12 மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளிருக்கும் ஆப் டொமைனை (நிரல் ஓடும் உள் சூழலை) தானே புதுப்பித்துக்கொள்ளும். பழையதில் ஓடும் வேலைகள் முடிய அவகாசமும் தரும். புதுப்பித்த பிறகு வரும் முதல் அறிக்கை மட்டும் சற்றுத் தாமதமாகும்.

நிறுத்துவதில் எங்கள் பக்கத்துச் சங்கடம் வேறு விதமானது. சப்ஸ்கிரிப்ஷன்களின் (குறித்த நேரத்தில் தானே போகும் அறிக்கைகளின்) நேரத்தை எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்ட் என்ற தனிச் சேவை பார்த்துக்கொள்கிறது. ரிப்போர்ட் சர்வீஸை நிறுத்தினாலும் ஏஜென்ட் நிற்பதில்லை. உரிய நேரம் வந்ததும் ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸின் ஈவென்ட் அட்டவணையில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுப் போய்விடும். சர்வீஸ் நின்ற நேரம் முழுவதும் அந்த வரிகள் சேரும். மறுபடி தொடங்கியதும் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பும். நள்ளிரவு முழுவதும் நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் தொடங்கினால், அலுவலகம் திறக்கும் அதே வேளையில் இரவுக்குரிய மின்னஞ்சல்கள் அனைத்தும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நீண்ட நேரம் நிறுத்துவதாக இருந்தால் ஏஜென்ட் வேலைகளை முதலில் முடக்கிவிட்டுத்தான் சர்வீஸைத் தொடுவோம். தொடங்குவதற்கு முன் ஈவென்ட், நோட்டிஃபிகேஷன்ஸ் இரண்டு அட்டவணைகளையும் ஒரு முறை பார்த்துவிடுவோம். சர்வீஸ் ஓடும் பயனர் கணக்கை மாற்றுவதாக இருந்தால், அதற்கு முன் மறைகுறியாக்கச் சாவியை நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

ஆக, தேவையில்லாத நிறுத்தத்தைச் சீராகச் செய்ய வழி தேடுவதைவிட, அந்த நிறுத்தத்தையே கைவிடுவது நல்லது என்பது என் கருத்து.

தரமணி டிபிஏ எழுதியது:

மெமரிக்காக நிறுத்தத் தேவையில்லை என்பதை முழுமையாக ஏற்கிறேன். எங்லைஃப் அளவுருவைச் சரிசெய்து, அந்தக் காரணத்தை நீக்கிவிடுங்கள். ஆனால் நிறுத்தித் தொடங்குவதையே விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் தண்ணீர் வடியவும் மின்சாரம் திரும்பவும் எவ்வளவு நாள் ஆயிற்று என்பது நம் அனைவருக்கும் நினைவிருக்கும். யுபிஎஸ் தீர்ந்து, டீசல் தீர்ந்து, சர்வர்களை நிறுத்தியே ஆக வேண்டிய நிலை பல அலுவலகங்களில் வந்தது. மின்சாரம் வந்த பிறகு, நெடுங்காலம் நிறுத்தப்படாமலே ஓடிய சர்வர்கள்தான் எழ மறுத்தன. காரணம் எளிது. இடைப்பட்ட காலத்தில் யாரோ ஒருவர் உள்ளமைவுக் கோப்பைத் திருத்தியிருப்பார், டேட்டாபேஸ் கடவுச்சொல் மாறியிருக்கும், சான்றிதழ் காலாவதியாகியிருக்கும், ஒரு டிஸ்க் பகிர்வு, தொடங்கும்போது தானே இணைய வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதப்படாமல் கையால் மட்டும் மவுன்ட் செய்யப்பட்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸ் இவற்றில் எதையும் கவனிப்பதில்லை, அது தொடங்கிய நாளின் நிலையையே நினைவில் வைத்திருக்கிறது. தொடங்கும்போதுதான் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்படும், அதுவும் எந்த மாற்றம் எப்போது நடந்தது என்று யாருக்கும் நினைவில்லாத நேரத்தில்.

மாதம் ஒரு முறை, திட்டமிட்ட நேரத்தில், ஆள் விழித்திருக்கும்போது நிறுத்தித் தொடங்கினால், தவறு ஏதும் இருந்தால் அது கடந்த ஒரு மாத மாற்றங்களுக்குள்தான் இருக்கும், தேடுவது எளிது. வாரம் ஒரு முறை யாரும் பார்க்காத வேளையில் க்ரான் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மின்வெட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். யுபிஎஸ் மென்பொருள் பேட்டரி குறைந்ததும் இயங்குதளத்தை ஷட்டவுன் செய்யும். லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒவ்வொரு சர்வீஸுக்கும் இயல்பாக 90 வினாடி அவகாசம் தரும், அதற்குள் நிற்காவிட்டால் கில் கொடுத்துவிடும். வெப்லாஜிக்கும் ரிப்போர்ட் எஞ்சின்களும் 90 வினாடிக்குள் அடங்கும் என்பது நிச்சயமில்லை. சர்வீஸ் கோப்பில் டைம்அவுட்ஸ்டாப்செக் அளவுருவைக் கூட்டுங்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்குப் பேட்டரி தாங்குமா என்றும் சேர்த்துக் கணக்கிடுங்கள். திடீரென மின்சாரம் போய் விழுந்திருந்தால் அட்மின்சர்வரின் டெம்ப் டைரக்டரியில் பூட்டுக் கோப்பு மிச்சமிருந்து தொடங்க விடாமல் தடுக்கலாம். பழைய பிராசஸ் எதுவும் உயிரோடில்லை என்று உறுதி செய்த பிறகே அதை நீக்க வேண்டும்.

மணலி கணக்கர் எழுதியது:

நான் தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்தவள் அல்லள், ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருப்பவள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வேண்டுகோள் மட்டும். பராமரிப்பு நேரத்தை வாரத்தின் கிழமையைப் பார்த்து வைக்காமல் மாதத்தின் தேதியைப் பார்த்து வையுங்கள். டிடிஎஸ் 7-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 11-ஆம் தேதி, பிஎஃப்பும் இஎஸ்ஐயும் 15-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20-ஆம் தேதி. இவற்றுக்கு முந்தைய இரண்டு இரவுகளில் நாங்கள் விற்பனைப் பதிவேட்டையும் வரி அறிக்கைகளையும் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டிருப்போம், ஞாயிறாக இருந்தாலும் வேலை நடக்கும். மாதக் கடைசி நாளும் முதல் இரண்டு நாட்களும் சொல்லவே வேண்டாம்.

21-லிருந்து 27-க்குள் வரும் ஞாயிறு எங்களுக்குப் பிரச்சினையில்லை. நிறுத்தப் போகும் செய்தியை மின்னஞ்சலில் அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. மேலே சிறுசேரி அம்மையார் சொன்னதுபோல் இஆர்பி திரையிலேயே காட்டினால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். இரட்டை மின்னஞ்சல் போகும்போது டீலரிடம் பதில் சொல்ல நிற்பவர்கள் நாங்கள்தான்.

சிறுசேரி வெப்லாஜிக் எழுதியது:

மிகவும் பயனுள்ள தகவல், நன்றி. ஆயுத பூஜையை ஒட்டி வரும் விடுமுறையையும் இதற்குப் பயன்படுத்தலாம். எந்திரங்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை செய்து தொழிற்சாலையே நிற்கும் நாட்கள் அவை; எல்லாச் சர்வர்களையும் மேலிருந்து கீழ்வரை முழுமையாக நிறுத்தித் தொடங்கிப் பார்க்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது.

ஆர்இபி-51002 பற்றி முன்பு விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். சர்வர் உண்மையில் ஓடினாலும் இந்தப் பிழை வரலாம். ரிப்போர்ட்ஸ் சர்வர்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க இயல்பாக மல்டிகாஸ்ட் முறையை (நெட்வொர்க்கில் பலருக்கும் ஒரே அழைப்பை அனுப்புவது) பயன்படுத்துகின்றன. ஒரே இயந்திரத்தில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தாலோ, நடுவிலிருக்கும் சுவிட்ச் மல்டிகாஸ்டைத் தடுத்தாலோ அழைப்பு போய்ச் சேராது. ஆர்டபிள்யூடையாக் என்ற கருவியில் ஃபைண்ட்ஆல் கொடுத்தால் அந்த நெட்வொர்க்கில் எந்தெந்தச் சர்வர்கள் தென்படுகின்றன என்று காட்டும். உங்கள் சர்வர் ஓடிக்கொண்டிருந்தும் அதன் பெயர் அதில் வராவிட்டால் சிக்கல் தொடங்குவதில் இல்லை, நெட்வொர்க்கில் இருக்கிறது. ஃபார்ம்ஸ் பக்கத்திலிருந்து மட்டும், ரிப்போர்ட் சர்வருடன் இணைய முடியவில்லை என்ற எஃப்ஆர்எம்-41213 பிழை வந்தால், ஃபார்ம்ஸின் சூழல் கோப்பில் காம்போனென்ட்_கான்ஃபிக்_பாத் சரியான ரிப்போர்ட்ஸ் டூல்ஸ் டைரக்டரியைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். 12சி-யில் அது இல்லாமல் நடக்காது.

அம்பத்தூர் நிர்வாகி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

தரமணி நண்பர் கணித்தது சரியாக இருந்தது. நோட் மேனேஜர் லாகில், பிழை வந்த வாரங்களில் காம்போனென்ட் விழுந்ததாக ஒரு பதிவும், அதைத் தொடர்ந்து அதுவே எழுப்பியதாக ஒரு பதிவும், சற்றுத் தள்ளி எங்கள் ஸ்கிரிப்டின் தொடக்கக் கோரிக்கையும் அடுத்தடுத்து இருக்கின்றன. க்ரான் ரூட் என்ற தலைமைப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்பதும் தெரிந்தது. கடவுச்சொல்லுக்குக் காத்து நிற்காமல் இருப்பதற்காக ரூட்டின் ஹோம் டைரக்டரியிலும் அதைச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

இதைத் தோண்டியபோது இன்னொரு பழைய புதிருக்கும் விடை கிடைத்தது. சில நாட்களில் சலானில் டீலரின் தமிழ் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் தலைகீழ்க் கேள்விக்குறிகள் வரிசையாக வரும். எண்களும் ஆங்கிலமும் சரியாக இருக்கும். அச்சுப்பொறியின் கோளாறு என்று இதுவரை பிரிண்டர் டிரைவரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் யாரோ அவசரத்துக்கு ஆர்டபிள்யூசர்வரை நேரடியாக ரூட்டில் தொடங்க எழுதிய கட்டளை ஸ்கிரிப்டின் இறுதியில், காம்போனென்ட் எழாவிட்டால் இயங்கும்படி இருந்தது. அந்த வழியில் தொடங்கும்போது ரூட்டின் சூழலில், எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் என்எல்எஸ்_லாங் அளவுரு, தமிழைக் கையாளும் யூடிஎஃப்-8 ஆக இல்லை. சரியான வழியில் தொடங்கிய நாட்களில் தமிழ் நன்றாக வந்தது, மாற்று வழியில் தொடங்கிய வாரங்களில் கேள்விக்குறி வந்தது. அந்தக் கட்டளையை நீக்கிவிட்டேன்.

புதிய ஏற்பாட்டை இப்படி வகுத்திருக்கிறேன். வாராந்தரக் க்ரான் எடுக்கப்பட்டுவிட்டது. எங்லைஃப் அளவுருவைக் குறைத்து, மெமரியைக் கவனித்து வருகிறேன். மாதம் ஒரு முறை, மணலி அம்மையார் சொன்ன தேதிகளுக்குள் வரும் ஞாயிறு காலையில், நானோ என் சக ஊழியரோ அருகில் இருக்கும்போது மட்டும் ஸ்கிரிப்ட் இயங்கும். அது முதலில் பராமரிப்புக் கொடியை ஏற்றும். பிறகு ஷோஜாப்ஸ் பக்கத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் படித்துக்கொண்டே, ஓடுபவையும் வரிசையில் நிற்பவையும் இல்லாமல் ஆகும்வரை காத்திருக்கும். அரை மணி நேரத்துக்குள் காலியாகாவிட்டால் எதையும் தொடாமல் கொடியை இறக்கிவிட்டு எங்களுக்குச் செய்தி அனுப்பும். காலியானால் ஆரக்கிள் பயனராக ஸ்டாப்காம்போனென்ட், எஞ்சின் பிராசஸ்களும் டேட்டாபேஸ் செஷன்களும் மிச்சமில்லை என்ற சரிபார்ப்பு, பிறகு ஸ்டார்ட்காம்போனென்ட்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. சர்வரின் பெயரோடு டேட் என்ற நீட்சியில் ஒரு கோப்பு பெரிதாக வளர்ந்திருக்கிறது. நிறுத்தும்போதெல்லாம் அதை நீக்கிவிடலாமா? தொடங்கிய பிறகு, கொடியை எந்தக் கட்டத்தில் இறக்குவது பாதுகாப்பானது?

தரமணி டிபிஏ எழுதியது:

அந்தக் கோப்பை வழக்கமாக நீக்காதீர்கள். வேலை வரிசை அதில்தான் இருக்கிறது, நேரம் குறித்து வைத்த வேலைகளும் அதில் அடக்கம். நீக்கினால் சர்வர் சுத்தமாக எழும், ஆனால் குறித்து வைத்த எதுவும் ஓடாது. ஓடாததை யாரும் உடனே கவனிக்கவும் மாட்டார்கள். கோப்பு சிதைந்து சர்வர் எழவே மறுக்கும்போது மட்டும், சர்வர் நின்றிருக்கையில் அதன் பெயரை மாற்றி வைத்துவிட்டுத் தொடங்கலாம். அப்போதும் குறித்த வேலைகளைத் திரும்பப் பதிவு செய்ய உங்களிடம் தனிப் பட்டியல் இருக்க வேண்டும். வளர்ச்சியைக் கட்டுப்படுத்த உள்ளமைவில் மேக்ஸ்க்யூசைஸ் என்ற அளவுரு உண்டு. வேலை விவரங்களை டேட்டாபேஸ் அட்டவணையிலும் பதிய வைத்தால், எந்த அறிக்கை எப்போது யாருக்காக ஓடியது என்று பிறகு எஸ்க்யூஎல் வழியாகவே கேட்டுப் பார்க்கலாம். டீலர் மின்னஞ்சல் போன்றவற்றுக்கு அதுவும் போதாது. ஒவ்வொரு டீலருக்கும் அனுப்பியாயிற்று என்று இஆர்பி தன் சொந்த அட்டவணையில் குறித்துக்கொண்டு, மறுபடி ஓட்டும்போது குறிக்கப்படாதவர்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். நிறுத்தம் எவ்வளவு பக்குவமாக நடந்தாலும் ஒரு நாள் மின்சாரம் சொல்லாமல் போகும்.

சிறுசேரி வெப்லாஜிக் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு. ஸ்டார்ட்காம்போனென்ட் வெற்றி என்று சொன்னதும் கொடியை இறக்காதீர்கள். அதற்குப் பொருள் பிராசஸ் எழுந்தது என்பது மட்டுமே. எஞ்சின் எழுந்ததா, டேட்டாபேஸ் இணைந்ததா, எழுத்துரு சரியாக உள்ளதா என்பது எதுவும் அதில் தெரியாது. ஸ்கிரிப்டே ஒரு சிறிய சோதனை அறிக்கையை ஆர்டபிள்யூசர்வ்லெட் வழியாகக் கேட்டு, வந்த கோப்பைப் பார்க்கட்டும். கடவுச்சொல் முகவரியில் வெளிப்படாமல் இருக்க, அழைப்பு விவரங்களைச் சர்வரிலேயே சேமிக்கும் சிஜிஐசிஎம்டி கோப்பில் ஒரு சாவிப் பெயர் வைத்து அதைக் கொண்டு அழையுங்கள். பதில் வந்தது என்பதோடு நின்றுவிடாமல், கோப்பின் தொடக்கத்தில் சதவீதக் குறியும் அதையடுத்துப் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்துகளும் உள்ளனவா என்று சரிபாருங்கள். பிழை நேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு எச்டிஎம்எல் பக்கம்தான் இருக்கும். உங்கள் அனுபவத்தைப் பார்த்தால் சோதனை அறிக்கையில் ஒரு தமிழ் முகவரியும் இருப்பது நல்லது, அதை மட்டும் அருகிலிருப்பவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஃபார்ம்ஸ் திரையிலிருந்தும் ஓர் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஏனெனில் அது வேறு பாதை. இரண்டும் வந்த பிறகு கொடியை இறக்கலாம்.

அம்பத்தூர் நிர்வாகி எழுதியது:

சோதனை அறிக்கையாக ஒரு பழைய டெலிவரி சலானையே வைத்துக்கொள்கிறேன். முதல் ஷிஃப்டில் கேட்டில் கேட்பது அதைத்தான். அனுப்பியதைக் குறிக்கும் அட்டவணைக்கான கோரிக்கையை இஆர்பி நிரலாளர்களிடம் கொடுத்துவிட்டேன், அது வரும்வரை மாதக் கடைசி மின்னஞ்சல்களைக் கணக்குப் பிரிவு பகலில் மட்டும் ஓட்ட ஒப்புக்கொண்டிருக்கிறது.